எந்த மொழிப் படம்?

"படம் எந்த மொழி?" என்று கேட்டான் என் கன்னட நண்பன். துறை விழாவில் திரையிட மனு எழுதிக் கொண்டிருந்தோம். நான் விழித்தேன். வேதியியல் முதுகலை மாணவன் நான். எவ்வளவோ கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். இந்த ஒரு கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது.

நான் வளர்ந்தது வைட்ஃபீல்டில். 1882-ல் மைசூர் மகாராஜா ஆங்கிலோ-இந்தியருக்கு அளித்த நிலத்தில் எழுந்த ஊர் அது. இன்று அங்கே கணிப்பொறி நிறுவனங்களின் மாளிகைகள். அம்மாளிகைகளுக்குக் கம்பி கட்ட வந்தவர், திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரரான என் தந்தை. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், மேஸ்திரியிடம் தெலுங்கு, ஒடிசாப் பிள்ளைகளிடம் இந்தி — எல்லாம் ஒரே வாயில்! அவரைப் பற்றித்தான் இருபது நிமிடப் படம் எடுத்தேன். அதற்கு நான் எந்த மொழியைச் சொல்வது?

அப்போதுதான் பட்டாபிராம ரெட்டியைப் பற்றிப் படித்தேன். நெல்லூர்க்காரர், தெலுங்கில் புதுக்கவிதை எழுதியவர். சாந்திநிகேதனிலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்திலும் பயின்றவர். சென்னையில் தெலுங்குப் படங்கள் தயாரித்தார். தாமே இயக்கிய முதற்படம் 1970-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதுவோ கன்னடப் படம்! அனந்தமூர்த்தியின் நாவலைத் தழுவிய 'சம்ஸ்காரா'. திரைக்கதை எழுதி நாயகனாக நடித்தவர் கிரீஷ் கர்னாட். ஒளிப்பதிவு ஆஸ்திரேலியரான டாம் கோவன். சரோத் கலைஞர் ராஜீவ் தாராநாத்தின் இசை. கலைப் பொறுப்பு சோழமண்டலத்து ஓவியர் வாசுதேவ். சென்னைத் தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. தடை நீங்கியபின், நாட்டின் சிறந்த படத்துக்கான தங்கப் பதக்கம் அதற்கே கிடைத்தது. கன்னடத்துக்கு அப்பதக்கம் அதுவே முதல் முறை. தெலுங்கர் ஒருவர் வாங்கித் தந்த பதக்கம்! எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னவென்பேன்!

ஆனால் மகிழ்ச்சியோடு கதை முடியவில்லை. அப்படத்தின் நாயகி ஸ்நேகலதா அவருடைய மனைவி. சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். நெருக்கடி நிலையின்போது, 1976-ல், அவரைப் பரோடா டைனமைட் வழக்கையொட்டிக் கைது செய்து பெங்களூர் மத்திய சிறையில் அடைத்தார்கள். இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. ஆஸ்துமா முற்றி, 1977 ஜனவரியில் பரோலில் வெளிவந்தவர் சில நாட்களிலேயே இறந்தார். ரெட்டி அதற்குப் பிறகும் படம் எடுத்தார். 2006-ல் பெங்களூரிலேயே மறைந்தார். அந்தச் சிறைதான் இன்றைய ஃபிரீடம் பார்க்.

சென்ற மாதம் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். உண்மையில் நான் போனது வேறு செய்தி சொல்ல. மருந்துக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் சேர வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போட்டுப் படத் தொகுப்புக் கற்க விரும்புகிறேன் என்று சொன்னேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"2016-ல காவேரி கலாட்டா நடந்தப்ப வண்டியில இருந்த தமிழ் ஸ்டிக்கரைச் சுரண்டினோமே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது. எனக்குப் பதினான்கு வயது. சுரண்டியது என் நகந்தான். "அதையும் படத்துல வச்சிருக்கியா?"

"இல்லைப்பா. நீங்க சங்கடப்படுவீங்கன்னு…"

அவர் பதில் சொல்லாமல் பழைய சிறை அறைகளின் பக்கம் நடந்தார். ஒரு சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். கட்டிட வேலைக்காரரின் பழக்கம் அது. கம்பெனிக்கு என்ன எழுதுவது என்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மெட்ரோவில் திரும்பும்போது, கே. ஆர். புரம் தாண்டியபின், "அந்தம்மா பேரு என்ன சொன்னே?" என்று கேட்டார்.

சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.