மொட்டை கிரில்

ஊரே வண்டியில் எதையாவது ஒட்டிக்கொண்டிருக்கும்போது நான் பிடுங்கினேன். அந்தக் கதைதான் இது.

நாமக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் லாரி, எங்கள் ஊர்ப் பட்டறையில் பாடி கட்டி முழுசாகும். நெற்றியில் குலசாமி பேர், ஓனர் பிள்ளைகள் பேர், கட்டிய பட்டறையின் பேர். (இப்போது கம்பெனி கேபினோடு வரும் லாரிகள் கூடிவிட்டன, அது தனி சோகம்.) நானோ நெட்டில் முத்திரையே இல்லாத ஐரோப்பிய கார்களின் கிரிலைப் பார்த்து மயங்கிக் கிடந்தேன்.

கைக்குக் கிடைத்தது அப்பாவின் 2009 ஆல்டோ. இருபது வருசம் அடுத்தவர் லாரி ஓட்டியவர். அவர் பேரில் ஆர்.சி. புக் வந்த முதல் வண்டி இந்த செகண்ட் ஹேண்ட் கார்தான்.

ஒரு ஞாயிறு, அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தபோது கிரிலைக் கழற்றினேன். வெறுமனே ஒட்டியிருக்கும் முத்திரை என்றால் ஹேர் டிரையரில் சூடு காட்டி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அறுத்தால் வந்துவிடும். இதில் பின்பக்கம் இரண்டு காம்பு. பிளேடால் அறுத்தேன். மிச்சம் ஒரு குழி, இரண்டு ஓட்டை. பட்டி அப்பி, உப்புத்தாள் தேய்த்து, கறுப்பு ஸ்பிரே. சூப்பர்!

ஐந்தே நாள். வெயிலில் விரிசல் விட்டு பட்டி சில்லாகக் கழன்று விழுந்தது.

பட்டறையில் பெயிண்டர் அண்ணனிடம் காட்டினேன். கிரிலைத் திருப்பி, பின்னால் அச்சாகியிருந்த ஏ.பி.எஸ். என்ற எழுத்தைக் காட்டினார். "பட்டி தகரத்துக்குங் தம்பி. பிளாஸ்டிக் வளையும், வெயில்ல விரியும். பட்டி கூட வராது." அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி நிரப்பச் சொன்னார். காய்ந்ததும் இரண்டும் ஒரே பொருளாகிவிடும். ஏ.பி.எஸ்.ஸில்தான் இது நடக்கும், பி.பி. என்றிருந்தால் கரையாது. அசிட்டோன் குபீரென்று பற்றும், திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி பிடிப்பவரைத் துரத்திவிடுங்கள் :-)

இன்னொன்று. குழியை மறைக்கிறேன் பேர்வழி என்று மொத்த கிரிலையும் தகடு வைத்து மூடாதீர்கள். ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் சூடேறும்போது ஞானம் பிறந்து பிரயோஜனமில்லை.

அப்பா விசயத்துக்கு வருகிறேன். அவர் வண்டி துடைப்பது எப்போதும் அந்த முத்திரையிலிருந்துதான். திங்கள் காலை துணியோடு வந்தவர் கை அந்தரத்தில் நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அதைய எங்கடா வெச்ச?"

காம்பு அறுந்த முத்திரையைக் கொடுத்தேன். சட்டையில் தேய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இப்போது அது டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில், டிரைவரைப் பார்த்தபடி டபுள் டேப்பில் நிற்கிறது. துடைப்பது இன்றும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கிரிலை மட்டும் நான் துடைக்கிறேன்.