கொச்சிச் செபக்கூடமும் திருச்சிலுவையும்

ஆத்தங்குடிக் கற்கள்மீது நடந்து பழகிய செட்டிநாட்டார் கொச்சிக்குச் சென்றால், மட்டாஞ்சேரியிலுள்ள யூதர் செபக்கூடத்தின் தரையை நெடுநேரம் நோக்கி நிற்பர். 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பலில் வந்த, நீல வண்ணம் தீட்டிய ஓடுகள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. நகரத்தார் இல்லங்களில் காண்பது போன்ற பெல்ஜியக் கண்ணாடி விளக்குகளும் தொங்குகின்றன. நம் நாட்டு வழக்கப்படி காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.

ஆனால் அங்கே சுரூபமில்லை, சிலுவையுமில்லை. இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயத்தையும் ஓரியூர்த் திருத்தலத்தையும் தரிசித்து வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றும். உருவங்களை விலக்குவது மோயீசன் வழிவந்த கட்டளை. சிலுவையை விலக்குவதற்கோ, அதனுடன் துயர வரலாறு ஒன்றும் காரணமாகும்.

உரோமையர் சிலுவையில் அறைந்தவர்களுள் யூதர் எண்ணற்றோர். 1968இல் எருசலேமில் ஒரு கல்லறையில் கிடைத்த யூதர் ஒருவரின் குதிங்கால் எலும்பில் ஆணி அப்படியே இருந்தது. பின்னாளில் சிலுவையை ஆடையில் தரித்தவர்களே அம்மக்களை வதைத்தனர். 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதக் குடும்பங்களைக் கொன்று குவித்தனர். 1492இல் ஸ்பெயின் நாடு யூதரை வெளியேற்றியது. அவ்வாறு வெளியேறிய மரபினர் சிலர் கொச்சி மன்னரின் நிழலில் அடைக்கலம் புகுந்தனர். ‘பரதேசி யூதர்’ எனப்பட்ட அவர்களின் செபக்கூடம் 1568இல் அரண்மனையை ஒட்டியே எழுந்தது. பாய்களில் சிலுவை பொறித்த கப்பல்களில் வந்த போர்த்துக்கீசியர், 1662இல் அதனையும் பாழ்படுத்தினர்.

இத்தகைய நினைவுகளால்தான் இஸ்ரயேல் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் கூட்டல் குறியைக்கூட, சிலுவை போலாகாதவாறு கீழ்க்கோடின்றி எழுதுகின்றனர். அந்நாட்டு முதலுதவிச் சங்கமும் செஞ்சிலுவைக்குப் பதிலாகச் சிவப்புத் தாவீது விண்மீனையே சின்னமாகக் கொண்டுள்ளது.

இதனைக் கிறிஸ்தவர் மீதுள்ள பகையென்று கருதலாமோ? கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்திற்கு வழங்கப்பட்ட செப்பேடுகள் விடை பகர்கின்றன. வட்டெழுத்தில் பொறித்த அச்சாசனத்தின் சாட்சிகளுள் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்ட யூதரும் உளர். அச்சுறுத்தல் இல்லாத மண்ணில், யூதர் ஆலயத்திற்கே சாட்சி நின்றனர்!

நம் திருச்சபையும் தன் பங்கை உணர்ந்தது. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் யூதருக்காகச் சொல்லும் செபத்திலிருந்த கடுஞ்சொல்லைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1959இல் நீக்கினார். ஆண்டவருடைய பாடுகளின் பழியை யூத மக்கள் அனைவர்மீதும் சுமத்தலாகாதென்றும், சிலுவை இறைவனின் அனைத்தையும் தழுவும் அன்பின் அடையாளமென்றும் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் எருசலேமின் மேற்குச் சுவரில், மன்னிப்பு வேண்டும் செபம் எழுதிய தாளைத் தம் கையால் வைத்தார்.

1948க்குப் பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரயேல் சென்றுவிட்டனர். எஞ்சியோர் மிகச் சிலரே. அங்கே செல்லும் நம் குடும்பங்கள் ஓடுகளின் அழகைக் கண்டு மகிழ்வதுடன், அவ்வெறுமையான சுவரையும் சற்றே நோக்கட்டும். பிள்ளைகள் காரணம் கேட்டால் மறைக்காமல் சொல்வோம். நம் இல்லத்து வாயிலில் மாட்டிய சிலுவையைக் கண்டு அயலார் அஞ்சாமல் உள்ளே வருமாறு வாழ்வதே, அதற்கு நாம் செய்யும் மெய்யான வணக்கமாகும்.