முக்கியமான விஷயம் மட்டும்

எங்கள் நாலு பேருக்குள் எந்தப் பண்டிகையும் ஒரு கேள்வியோடுதான் தொடங்கும். "என்ன செய்யப்போறே?" பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். மற்ற மூன்று பேரும் பதில் எழுதுவோம். பதில் என்றால் வெறும் பட்டியல் இல்லை. அதிரசத்துக்குப் பாகு எடுக்கும்போது மாமியார் என்ன சொன்னார், முறுக்கு ஏன் சிவந்துபோனது, எண்ணெய் என்ன விலை, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லாம் கலந்து வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் சேர்ந்து படித்தவர்கள் நாங்கள். ஊர்ப்பெயர்தான் கூப்பிடும் பெயர். நாகர்கோவில், கோவில்பட்டி, மேலப்பாளையம். நான் தென்காசி. மூன்று பேர் ஹாஸ்டல். மேலப்பாளையத்துக்காரி மட்டும் வீட்டிலிருந்து வந்துபோவாள். நோன்பு மாதத்தில் சாயங்காலம் அவள் தம்பி தூக்குவாளியோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பான். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் குழைந்த நோன்புக் கஞ்சி, மேலே கொஞ்சம் தேங்காய்ப்பால். ஹாஸ்டல் சாம்பாரைத் தின்று அலுத்த எங்களுக்கு அந்த மாதம் முழுக்கத் திருவிழாதான். டிசம்பர் விடுமுறை முடிந்து நாகர்கோவில் திரும்பும்போது ஒரு பெரிய டின் நிறைய முந்திரிக்கொத்து வரும். வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து உருட்டி, மஞ்சள் போட்ட அரிசிமாவில் முக்கிப் பொரித்தது. வாரக்கணக்கில் கெடாது. ஆனால் எங்களிடம் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை.

கல்யாணமாகி ஆளுக்கொரு திசையாகப் போனோம். கோவில்பட்டி சிங்கப்பூருக்கு, நான் மும்பைக்கு. முதலில் இன்லண்ட் லெட்டர், பிறகு இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து எஸ்.டி.டி., கடைசியில் வாட்ஸ்அப். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி விழிக்கிற ஊர். அதனால் தீபாவளி அன்று நாங்கள் எழுந்து எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னாலேயே கோவில்பட்டி குளித்து, லேகியம் தின்று, படம் அனுப்பியிருப்பாள். அங்கே தீபாவளிக்கு ஒருநாள்தான் விடுமுறை. முந்தின சனி, ஞாயிறிலேயே முறுக்குச் சுற்றி டப்பாவில் அடைத்துவிடுவாள்.

2022இல் எனக்கு அலுவலகத்தில் பொறுப்பு கூடியது. ஒரு நாள் கூட்டம் முடிந்து போனை எடுத்தால் குழுவில் ஏகப்பட்ட செய்திகள். என்னவோ ஏதோ என்று பதறித் திறந்தேன். சுண்டலுக்கு மாங்காய் போடலாமா கூடாதா என்ற விவாதம். எரிச்சலில் எழுதினேன்: "முக்கியமான விஷயம் இருந்தா மட்டும் போடுங்கப்பா. வேலை நேரத்துல பயந்துபோயிடுறேன்." யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி ஏட்டி" என்று மேலப்பாளையம் மட்டும் எழுதினாள். குழு கொஞ்சம் அடங்கியது. நான் அதன் ஒலியை நிறுத்தி வைத்தேன். பண்டிகை நாட்களில் திறந்து, ஓடவிட்டுப் பார்த்து, ஒரு கட்டைவிரலோ இதயமோ போட்டுவிட்டு மூடிவிடுவேன்.

2024 மே மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நாகர்கோவிலைப் பார்க்காமல் போவதா என்று ஒரு பெட்டி அல்போன்சா மாம்பழத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர்தான் கதவைத் திறந்தார்; எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். நல்ல உடம்புக்காரர்; பாதியாக இருந்தார். "வாம்மா" என்று பெட்டியை வாங்கக் கை நீட்டியபோது இடது முன்கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நின்றது. பையன் ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். "அப்பா இந்தக் கையில கனம் தூக்கக் கூடாது சித்தி. மாம்பழமும் ஆகாது, பொட்டாசியம்" என்றான், எனக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றை நினைவுபடுத்துகிற குரலில்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ஆரம்பித்து அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "குரூப்புல போட்டேனே மக்கா" என்றாள்.

அன்றிரவு தங்கும் அறையில் உட்கார்ந்து குழுவைப் பின்னோக்கித் தள்ளினேன். அவள் எழுதியவற்றை மட்டும், ஒன்று விடாமல், முதல் தடவையாகப் படித்தேன்.

2023 ஓணம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மதம் பார்க்காமல் பல வீடுகளில் அன்று இலை விழும். "அவியல் வச்சேன். இவருக்கு வாயில எது வச்சாலும் கசக்குதாம். நான்தான் முழுசும் தின்னேன்." அதற்கு நான் ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தேன்.

தீபாவளி. "அடுத்த வீட்டுப் பலகாரம் வந்துது. பிள்ளைங்க தின்னுச்சு. நாங்க உப்பு கொறச்சுப் பழகுறோம்." இதயம்.

கிறிஸ்துமஸ். "இந்த வருஷம் முந்திரிக்கொத்து போடல. ஆப்பம். கோஸ் பொடியா அரிஞ்சு வேகவச்சு தண்ணிய வடிச்சுட்டு தாளிச்சது. முட்டை வெள்ளைக்கரு. கறிக்குத் தேங்கா அரைக்கல." தேங்காயை வறுத்தரைக்காமல் அவள் வீட்டில் கறிக்குழம்பு வைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எந்த நாகர்கோவில்காரி கோஸைத் தண்ணீர் வடித்து வைப்பாள்? காய்களில் உள்ள பொட்டாசியம் அந்தத் தண்ணீரில் இறங்கும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அதை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தர வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால், "ஏண்டி இப்படி?" என்று கேட்கவா தெரியாது? கட்டைவிரல் போட்டிருந்தேன்.

2024 மார்ச். "பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போக முடியல." ஹாஸ்டலில் காய்ச்சலோடு எழுந்து பூசைக்குப் போனவள் அவள். அந்த வரிக்குக் கீழே என் பெயரில் எதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த வாரம் நான் குழுவைத் திறக்கவே இல்லை.

அதற்கு மேல் தள்ள முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். ஒரு வீட்டுக்குள் நோய் நுழைந்தது, நாக்கு கெட்டது, உப்பு குறைந்தது, தேங்காய் போனது, வெள்ளிக்கிழமை போனது, எல்லாம் தேதி வாரியாக அங்கேயே இருந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை.

மறுநாள் மேலப்பாளையத்துக்குப் போனேன். அவளுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "கிறிஸ்துமஸ் அன்னைக்கே" என்றாள். அவளுடைய வாப்பா கடைசிக் காலத்தில் டயாலிசிஸில் இருந்தவர். 'தண்ணிய வடிச்சுட்டு' என்ற சொல்லைப் படித்ததும் போன் போட்டிருக்கிறாள். அடுத்த வாரமே வேய்ந்தான்குளத்தில் பஸ் ஏறி வடசேரியில் போய் இறங்கியிருக்கிறாள். நோன்பு மாதத்தில், தான் பச்சைத் தண்ணீர் குடிக்காமல், டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் நாகர்கோவிலோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். சிங்கப்பூரிலிருந்து கோவில்பட்டி ஞாயிறுதோறும் பேசியிருக்கிறாள்.

"நீயும் கட்டைவிரல் போட்டிருந்தியா, உனக்கும் வெளங்கிட்டுன்னுதான் நெனச்சோம்" என்றாள் மேலப்பாளையம். பிறகு கொஞ்சம் தயங்கி, "தெரிஞ்சும் இவ்வளவுதான் போட்டிருக்கான்னு அவ அழுதா ஏட்டி. நான்தான் உனக்கு வேலை அதிகம்னு சமாதானம் சொன்னேன்" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் நாகர்கோவிலுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்ததையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். பாதிக்கு மேல் சொல்ல அவள் விடவில்லை. "நீ முக்கியமானத மட்டும் போடச் சொன்னே. அவருக்குக் கிட்னி போச்சுன்னு எழுதிப்பாத்தேன். ரெண்டு தடவை எழுதி அழிச்சேன். நல்ல நாளும் அதுவுமா அத எப்படிப் போட? என்ன சமைச்சேன்னு எழுதத்தான் கை வந்துது" என்றாள்.

சுண்டலுக்கு மாங்காய் போடுவது பற்றி எழுதிக்கொண்டே இருந்தால்தான், ஒருநாள் கோஸை வடித்துவிட்டேன் என்றும் எழுத முடியும். நான் முதலாவதைத்தான் நிறுத்தச் சொன்னேன் என்று எண்ணியிருந்தேன்.

2024 கிறிஸ்துமஸ் புதன்கிழமை வந்தது. புதன் டயாலிசிஸ். "அதனால இந்தத் தடவை நம்ம சாப்பாடு வியாழக்கிழமை" என்று அவள் டிசம்பர் முதல் வாரமே எழுதினாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். கொண்டுபோனது ஆப்பிள் மட்டும். கேட்டுத்தான் வாங்கினேன். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள். பிள்ளைகளுக்காக முந்திரிக்கொத்து போட்டே ஆக வேண்டும் என்றது அண்ணன்தான். அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாவு தண்ணியாகிவிட்டது, மஞ்சள் கூடிவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார். அவள் திட்டிக்கொண்டே பொரித்தாள். நாள் முழுவதுக்கும் அவருக்கென்று அளந்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பையன் அவ்வப்போது பார்த்துக்கொண்டான்.

குழுவில் இப்போது நான்தான் அதிகம் எழுதுகிறேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் என்ன வந்தது, மதியம் என்ன குழம்பு, எல்லாம் எழுதுகிறேன். அவளும் பதில் போடுகிறாள். ஆனால் அண்ணனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் முதல் போன் மேலப்பாளையத்துக்குத்தான் போகிறது. எனக்கு மறுநாள் காலையில், அன்றைய சமையலோடு சேர்த்துக் குழுவில் வரும்.