ஊர் பக்கம், வீடு தூரம்

2016 ஆகஸ்டில் நாங்கள் புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்தோம். குடிபெயர்தல் என்ற சொல்லில் ஒரு கம்பீரம் இருக்கிறது. உண்மையில் நான்கு பேர், ஏழு பெட்டிகள், ஓர் இட்லிப் பானை, இரண்டு மாதச் செலவுக்கான சேமிப்பு, அவ்வளவுதான். இதை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். கணக்கைச் சேர்ந்தே போட்டோம். அதில் விட்ட பிழையையும் சேர்ந்தே விட்டோம். ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

புதுச்சேரிக்கு வெளியே உள்ள நண்பர்கள் முதலில் கேட்பது, விசா எப்படிக் கிடைத்தது என்பதைத்தான். எங்கள் ஊரில் 'சொல்தா வீடு' என்று சில வீடுகளைச் சொல்வார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றவர்களின் வீடுகள் அவை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்தோசீனாவிலிருந்து திரும்பியிருந்த தாத்தா அந்தத் தாளில் கையெழுத்திட்டார். அந்த ஒரு கையெழுத்தின் நிழலில்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு நாங்கள் விமானம் ஏறினோம்.

முதல் எட்டு மாதங்கள் பாரிஸுக்கு வடக்கே சார்செலில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். அங்கே புதுச்சேரிக் குடும்பங்கள் ஏராளம். அந்த எட்டு மாதத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. ஒருவருக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை, மற்றவருக்குப் பள்ளி உணவுக்கூடத்தில் பகுதி நேர வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதம் 2,350 யூரோ கைக்கு வந்தது. இனி பாரிஸுக்குள்ளேயே வீடு பார்க்கிறோம் என்று சொன்னோம். உறவினர் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

"அந்த வாடகைக்கு இங்க ரெண்டு மடங்கு வீடு கிடைக்குமே. தீப்பெட்டியில போயி எதுக்கு அடையணும்?" என்று பெரியம்மா கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. சார்செலில் 850 யூரோவுக்கு அறுபது சதுர மீட்டருக்கு மேல் கிடைக்கும். பாரிஸில் அதே பணத்துக்கு அதில் பாதிதான். ஆனால் நாங்கள் வேறொரு கணக்கு வைத்திருந்தோம். சார்செலில் உறவினர் அனைவரிடமும் கார் இருந்தது. வாரச் சந்தை தவிர மற்றதற்கெல்லாம் அதை எடுத்தார்கள். கடன் தவணை, காப்பீடு, எரிபொருள், பழுது என்று மாதம் முந்நூறு யூரோ போகிறது என்று அண்ணனே சொன்னார். நாங்கள் வேலைக்குப் போய் வர நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் ரயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது. கார் இல்லாமல், நடந்தே வாழக்கூடிய ஓர் இடத்தில் இருந்தால் வீடு சிறியதாக இருந்தாலும் வாழ்க்கை சிறியதாக இராது என்று வாதிட்டோம். புதுச்சேரியில் நாங்கள் வாழ்ந்ததும் அப்படித்தான். கடற்கரை, பள்ளி, மார்க்கெட் எல்லாமே கால் மணி நேர நடைக்குள் இருந்தன.

வீடு தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே வீட்டுக்கு முன்னால் பார்க்கப்படுவது ஆளல்ல, கோப்பு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வரி அறிவிப்பு, பிணை நிற்பவரின் அதே காகிதங்கள். வீட்டு உரிமையாளர் என்னென்ன ஆவணங்களைக் கேட்கலாம் என்பதை 2015 நவம்பரில் வந்த ஓர் அரசாணை வரையறுக்கிறது. அதில் இல்லாத வங்கிக் கணக்கு விவரத்தையும் எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. எழுதப்படாத விதி ஒன்றும் இருக்கிறது. வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டரை மடங்குதான். பதினான்கு வீடுகள் பார்த்தோம். பதினைந்தாவது வீட்டுக்காரர் ஒரு முதியவர். எங்கள் கோப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பள்ளி நோட்டுகளை வாங்கிப் பார்த்தார். அண்ணன் பிணை நின்றார். ஒரு மாத வாடகை முன்பணம். 2017 ஏப்ரலில் சாவி கைக்கு வந்தது.

பதினெட்டாம் வட்டாரத்தில் லா சாப்பெல் பகுதி. 1860இல் பாரிஸோடு இணைக்கப்படும்வரை தனி ஊராக இருந்த இடம். வடக்கு ரயில் நிலையத்துக்கும் கிழக்கு ரயில் நிலையத்துக்கும் போகும் தண்டவாளங்கள் இருபுறமும் ஓட, நடுவில் ஒரு தீவுபோல் கிடக்கிறது. ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக உள்ள தெரு பத்து நிமிட நடை. மாணிக்க விநாயகர் ஆலயம் அதைவிடப் பக்கம். வீடு 32 சதுர மீட்டர், இரண்டு அறை, வாடகை 920 யூரோ. ஐந்தாம் மாடி, அதற்கு மேல் துத்தநாகக் கூரை. மின்தூக்கி கிடையாது. விளம்பரத்தில் அதைக் கடைசி வரியில் போட்டிருந்தார்கள். நாங்களும் கடைசி வரியாகவே அதை எடுத்துக்கொண்டோம்.

முதல் ஓராண்டு எங்கள் வாதத்தை ஊரே நிரூபித்துக் காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கு நான்கு நிமிடம். பள்ளி உணவுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போட்டார்கள். புதனும் சனியும் காலையில், மேலே மெத்ரோ ஓடும் பாலத்தின் அடியில் பார்பெஸ் சந்தை கூடும். கடை கட்டும் நேரத்துக்குப் போனால் தக்காளியைப் பெட்டியோடு தள்ளிவிடுவார்கள். பழைய ரயில்வே சரக்குக் கொட்டகை ஒன்றை மாற்றிக் கட்டிய கட்டடத்தில் 2013இல் திறந்த நூலகம் இருந்தது. வாட்ஸ்லாவ் ஹாவெல் பெயரில் நூலகம்; அது இருக்கும் முற்றத்துக்கு நத்தாலி சரோத் பெயர். ஒரு நாடகாசிரியருக்கும் ஒரு நாவலாசிரியைக்கும் நடுவே எங்கள் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதினார்கள். புத்தகம் இரவல் வாங்கக் கட்டணம் இல்லை. நகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. மழை பெய்யும் ஞாயிறுகளில் பெத்தி பலேவுக்குப் போய் ஓவியங்களுக்கு நடுவே உலாத்திவிட்டு வருவோம்.

எங்களுக்கு வரவேற்பறை இல்லை, நூலகம் இருந்தது. மொட்டை மாடி இல்லை, பூங்கா இருந்தது. குளிர்சாதனப் பெட்டி முழங்கால் உயரம்தான், ஆனால் சந்தை பக்கத்தில் இருந்தது. 32 சதுர மீட்டரில் நாங்கள் தூங்கினோம், ஊரில் வாழ்ந்தோம். பெரியம்மா தொலைபேசியில் கேட்டால் இதைத்தான் சொல்வோம். கொஞ்சம் பெருமையாகவே சொல்வோம்.

2018 தொடக்கத்தில் புதுச்சேரியில் அப்பா காலமானார். அந்த ஜூனில் அம்மாவை அழைத்து வந்தோம். எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, பிள்ளைகளுக்கு ஆயா. அப்போது அவருக்கு 67 வயது. வந்த அன்று ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, மேலே வந்து சேர்ந்ததும் சொன்னார்: "தொண்ணூத்தி நாலு படி." ஓராண்டுக்கு மேலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரும் எண்ணியதில்லை.

அம்மாவுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. மாமனாரிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய நாற்பது ஐம்பது பிரெஞ்சுச் சொற்களை வைத்துக்கொண்டு ரொட்டிக் கடையில் காரியம் நடத்தினார். காலையில் ஆலயம், அப்படியே கடைத் தெரு, கறிவேப்பிலை, யாரிடமாவது ஊர்ப் பேச்சு. முதலில் நாளுக்கு இருமுறை இறங்கினார். பிறகு ஒருமுறை. அடுத்த குளிர்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள். ஒன்றையும் குறையாகச் சொல்லவில்லை. "இன்னிக்கி வேல ஒண்ணும் இல்ல கீழ" என்பார். நாங்களும் அதை நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி வெயில். நகரம் பதிவுசெய்ததிலேயே மிக அதிக வெப்பம் அது. துத்தநாகக் கூரையின் கீழ் எங்கள் வீடு அடுப்பாகியது. காலை பதினொரு மணிக்கு அம்மா இறங்கத் தொடங்கி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் குளிர்ச்சியாக இருக்கிறதென்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மதியம் மேலே ஏற முடியவில்லை. அந்த மாடியில் தனியாக இருந்த மூதாட்டி கதவைத் திறந்து பார்த்து, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நாங்கள் வேலை முடிந்து வந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கிண்ணத்தில் செர்ரிப் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். இரவு பத்து மணிக்குத்தான் அம்மாவை மேலே கூட்டிவந்தோம். அதற்குப் பிறகு, நாள்தோறும் காலை பத்து மணிக்கு அந்த நாற்காலி வெளியே வரும். அம்மா போய்த் திரும்பிய பின் உள்ளே போகும். படிக்கட்டில் பொருள் வைக்கக்கூடாது என்று கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தபோது, அது பொருள் அல்ல, விருந்தாளிக்குப் போட்ட ஆசனம் என்று மூதாட்டி பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

அந்த நாட்களில்தான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மா சொன்னார்: "இந்த ஊர்ல எல்லாம் பக்கத்துலதான் இருக்கு. நம்ம வீடுதான் தூரமா இருக்கு."

வாடகை, பயணம், உணவு, நேரம் என்று நாங்கள் போட்ட கணக்கில் நிரல்கள் பல இருந்தன. படிகளுக்கு ஒரு நிரல் இல்லை. நடந்து வாழும் ஊர் என்பது நடக்க முடிந்தவர்களின் ஊர். எங்கள் முழங்கால்களை அளவாக வைத்து அம்மாவுக்கும் சேர்த்து ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அதன் பிறகு பார்த்தால் எங்கும் படிகள்தான். 1998இல் வந்த பதினான்காம் தடம் தவிர, பழைய மெத்ரோ தடம் ஒன்றிலும் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி கிடையாது.

2020 மார்ச் 17 அன்று ஊரடங்கு வந்தது. நூலகம், பூங்கா, பள்ளி, ஆலயம் எல்லாம் மூடப்பட்டன. ஊரிடம் இரவல் வாங்கியிருந்த அறைகளை ஊர் ஒரே நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மிஞ்சியது 32 சதுர மீட்டர், ஐந்து பேர். பெரியம்மா சொன்ன தீப்பெட்டி என்ற சொல்லை எங்களில் ஒருவரும் உச்சரிக்கவில்லை, இருவருக்கும் அது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்களாவது கையில் சான்றுத் தாளோடு ஒரு மணி நேரம் வெளியே போய் வந்தோம். மே 11 வரை 55 நாட்கள் அம்மா கீழே இறங்கவே இல்லை. இறங்கலாம் என்றானபோது முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

செப்டம்பரில் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போனார். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி உண்டு. நாங்கள் அனுப்பவில்லை, அவராகத்தான் போனார் என்று கேட்பவர்களிடம் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனாலும் பெட்டியைக் கட்டியபோது ஒருவர்கூட 'வேண்டாம்' என்று உரத்துச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

நாங்களும் சார்செலுக்கே போய்விடலாமா என்று பலமுறை பேசினோம். பிள்ளைகளின் பள்ளியும் நட்பும் இங்கே வேர்விட்டுவிட்டன, வேலையும் இங்கே. கீழ்மாடியிலோ மின்தூக்கியுடனோ இதே பகுதியில் ஒரு வீடு எங்கள் சம்பளத்துக்கு அகப்படவில்லை. அரசின் குறைவாடகைக் குடியிருப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் காத்திருந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். ஆகவே கல்யாண நாளை மறந்தாலும் அந்தத் தேதியை மறப்பதில்லை.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் காரில் அம்மாவைக் கொண்டுவந்து விடுகிறார். அன்று மாலை இரண்டாம் மாடியில் நாற்காலி காத்திருக்கும். தொண்ணூற்று நான்கு படிகளை ஏற அம்மாவுக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. அதில் அரை மணி நேரம் அந்த நாற்காலியில் கழிகிறது.

இந்த முறை விண்ணப்பத்தைப் புதுப்பித்தபோது அம்மா உடனிருந்தார். எந்த மாடி வேண்டும், மின்தூக்கி அவசியமா என்ற கேள்விகளை அவருக்குப் படித்துக் காட்டினோம். சார்செலில் வசதிதானே என்றும் கேட்டுவைத்தோம்.

"வசதிதான். பொத்தான அமுக்கினா கீழ கொண்டாந்து விட்டுடுது. கீழ வந்து என்னா பண்றது? கார் நிக்கிற எடம்தான் இருக்கு" என்றார். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தினியாவது மாடின்னு எழுதறது இருக்கட்டும். கீழ எறங்குனா கட இருக்கணும்னு எழுது" என்றார்.

அதை எழுத விண்ணப்பத்தில் இடம் இல்லை. மின்தூக்கி என்ற கட்டத்தில் மட்டும் குறியிட்டு அனுப்பினோம்.