குறுக்குக் கோடு

வங்கியில் கேன்சல் பண்ணின செக் ஒன்று கேட்டார்கள். மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்து, நடுவே 'கேன்சல்டு' என்று எழுதி நீட்டினேன். கோடு கணக்கு எண்ணின் மேலேயே ஓடிவிட்டது. திருப்பிவிட்டார்கள்.

"அடிக்கணும் சார். ஆனா நம்பர் தெரியணும்."

செல்லாத செக். ஆனால் பெயர், எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். வேறு வேலை இல்லை.

லத்தீனில் கான்செல்லி. கிராதி. குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் பின்னிய தடுப்பு.

அதிலிருந்து கான்செல்லாரே. எழுத்தின் மேல் கிராதி மாதிரி கோடு கிழிப்பது. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. அழிப்பது இல்லை. கம்பிக்குப் பின்னால் வைப்பது.

அழிக்கிற 'இரேஸ்' வேறு குடும்பம். சுரண்டுவது. சவரம் பண்ணுகிற ரேஸரும் அதே வேர்தான்.

ரோமாபுரி நீதிமன்றத்தில் கிராதியோரம் ஓர் ஆள் நிற்பானாம். அந்தப் பக்கம் நீதிபதி, இந்தப் பக்கம் கூட்டம். கான்செல்லாரியுஸ் என்று பெயர். கிராதிக்காரன். ஏறக்குறைய நம்ம டவாலி.

பிறகு எழுத்தர். பிறகு ராஜாவின் முத்திரையை வைத்திருப்பவர். பிறகு சான்சலர். ஜெர்மனியில் கான்ஸ்லர், அரசாங்கத்துக்கே தலைவர்.

தமிழில் வேந்தர். டவாலிக்கு முடிசூட்டி, கூடவே ஒரு துணைவேந்தரையும் கொடுத்துவிட்டோம்.

கான்செல்லிக்கும் முந்தியது கார்செர். சிறை. தேர்ப்பந்தய மைதானத்தில் குதிரைகள் புறப்படும் கூண்டுகளுக்கும் அதே பெயர். சர்க்கஸ் மாக்ஸிமஸில் 12 கூண்டு.

ஒரே சொல்லில் இரண்டு ரகரம். நாக்குக்குச் சலிப்பு. முதல் ரகரம் னகரமாகி, கான்செர். அதிலிருந்து கான்செல்லி.

நண்டுக்கும் இதே ஒலி. அது வேறு சொல். ராசிக்கும் நோய்க்கும் போனது நண்டு.

கிராதி என்று சுலபமாக எழுதிவிட்டேன். அதுவும் வந்த சொல்தான். போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அதற்கும் அடியில் லத்தீன்: கொம்புகளைப் பின்னிய படல். ஜன்னலில் அடிக்கிற கிரில்லும் அதே படல்தான். ஜன்னலும் போர்ச்சுகீசியம்.

கத்தோலிக்கக் கோயில்களில் பீடத்துக்கு முன்னால் கிராதி இருக்கும். நற்கருணை வாங்க அதன் முன்னே வரிசையாக முழங்காலிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். கிராதிக்கு அப்பால் உள்ள பகுதிக்கு ஆங்கிலத்தில் சான்சல். கிராதி போன பின்னும் சான்சல்தான்.

1840. உலகின் முதல் தபால்தலை, பென்னி பிளாக். கறுப்புத் தலைமேல் சிவப்பு மையில் கேன்சல் முத்திரை. சிவப்பு கறுப்பில் சரியாகத் தெரியவில்லை. போதாததற்கு, ஜனங்கள் அதைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டினார்கள்.

1841. தலையைச் சிவப்பாக்கி, மையைக் கறுப்பாக்கினார்கள்.

கணக்கு வாத்தியார்: "மேல இருக்கிற ஆறையும் கீழ இருக்கிற ஆறையும் அடி."

தமிழில் எழுத்தையும் அடிக்கிறோம். கொசுவையும். ஹார்னையும். வெள்ளையையும்.

அடித்தல் திருத்தல். எப்போதும் ஜோடியாகத்தான் வரும். பத்திரத்தில் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், நான்தான் அடித்தேன் என்று.

ரத்து, அரபி. மூலத்தில் 'திருப்பி அனுப்புவது'.

அமெரிக்கர்கள் கேன்சல்டு என்பதற்கு ஒரு எல் போதும் என்பார்கள். கேன்சலேஷனுக்கு மட்டும் இரண்டு. ஏன் அதை விட்டுவைத்தார்களோ.

நல்லி எலும்பின் முட்டியை உடைத்தால் உள்ளே கடற்பஞ்சு மாதிரி, பொடிப்பொடிக் கம்பிகளாக இருக்கும். மருத்துவர்கள் அதைக் கான்செல்லஸ் என்கிறார்கள். நேற்றும் கடித்தேன். அப்போது தெரியாது.

போனில்: "ஆர்டரை ரத்துசெய்யவா?" கீழே இரண்டு பொத்தான். ஒன்று 'ரத்துசெய்'. மற்றது 'சரி'.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு வந்துவிட்டது.

மறுநாள் இன்னொரு செக். இந்த முறை எண்ணைத் தொடாமல் மெல்லிசாக இரண்டு கோடு, நடுவே 'கேன்சல்டு'. கிரில்லுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வாங்கி, எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தார்.