இடைச்செருகல்

பாடபேதம், இடைச்செருகல் ஆகிய இரு சொற்களை உச்சரிக்காமல் எங்கள் கல்லூரியில் முதுகலைத் தமிழ் வகுப்பு ஒரு பருவத்தைக் கடந்ததில்லை. பின்னால் வந்த ஒருவர் பழைய நூலில் தம் சரக்கைச் சேர்த்துவிட்டுப் போனால் அது இடைச்செருகல். அதை இனங்கண்டு களைவது பதிப்பாசிரியர் கடமை. இப்படிப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு, செருகியது காணாமற்போனதற்காக வருந்தும் நாளும் வாய்த்தது.

'நாங்கள்' என்பது இருவர். ஒருவர் தமிழ்த்துறை, மற்றவர் இயற்பியல்துறை. ஒரே பேருந்தில் போய்வந்த பழக்கமும் ஒலிப்பதிவின் மேல் இருந்த பித்தும் சேர்த்துவைத்த நட்பு. (இருவருக்குமே பாட வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் ஐயாவைப் பதிவு செய்தோம். ஐயா எங்களில் ஒருவருக்கு யாப்பு சொல்லிக்கொடுத்தவர். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று எந்த மாணவரும் ஒப்பித்துவிடுவார். தேர்வில் இரண்டு மதிப்பெண். அந்த ஓசை எப்படி இருக்கும் என்று கேட்டால் வகுப்பில் மௌனம்தான். ஐயா வாய்திறந்து சொன்னால் அசையும் சீரும் பிரிக்காமலே காதில் விழும். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. பதினொரு பாடல்களைச் சொன்னார். ஏழினைச் சொன்னார், நான்கினை ஏறக்குறையப் பாடினார் என்பது இன்னும் சரி.

பதிவுக்கூடம் அவர் வீட்டு நடு அறை. மே மாத வெயிலில் விசிறி இல்லாமல் அவரால் உட்கார முடியாது. விசிறியோடு பதிவு செய்தோம்.

இந்த இடத்தில் செருகுநிரல் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஒலிப்பதிவு மென்பொருள் ஒலியை வாங்கி வைக்கும், வெட்டும், ஒட்டும், அடுக்கும். இரைச்சலை அகற்றுவது, முழக்கம் சேர்ப்பது, அறையில் இல்லாத தம்பூராவை ஒலிக்கச் செய்வது முதலான வேலைகளை அதனுள் செருகப்படும் சிறு நிரல்கள் செய்கின்றன. ஆங்கிலத்தில் பிளக்-இன், தமிழ்க் கணிமை நண்பர்கள் செருகுநிரல் என்றார்கள். நல்ல சொல். தமிழ்த்துறைக்காரரின் காதில் மட்டும் இடைச்செருகலின் வாடை அடித்தது.

எங்கள் செருகல்கள் மூன்று. விசிறியின் இரைச்சலைக் குறைக்க ஒன்று, முழக்கத்துக்கு ஒன்று, தம்பூராவுக்கு ஒன்று. முழக்கத்துக்கானதை இருவரும் பணம் போட்டு வாங்கினோம். தம்பூரா, யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் ஆக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருந்தது. அவர் யார், எந்த நாட்டவர் என்பதைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

ஜூன் மாதத்தில் இரண்டு பிற்பகல்கள் ஐயாவை அழைத்துவந்து கணினி முன் உட்காரவைத்தோம். தம் குரலைத் தாமே கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்தது. பத்து நிமிடத்தில் அது போய் அதிகாரம் வந்துவிட்டது. முழக்கம் சேர்த்த முதல் வெண்பாவைக் கேட்டதும், "என்ன தம்பி, கெணத்துக்குள்ள நின்னு சொல்ற மாதிரி இருக்கு?" என்றார். குறைத்தோம். "இப்பக் கோயில் மண்டபம்." இன்னும் குறைத்தோம். "திண்ணையில உக்காந்து சொல்லணும். எதிர்ல ஒருத்தன் இருக்கான், அவ்வளவுதான்." அந்தத் திண்ணை கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தம்பூராவுக்கு அதைவிட நேரமாயிற்று. ஒன்றரைக் கட்டையில் வைத்தோம். "ஒரு நூல் எறக்கு" என்றார். இறக்கினோம். "அரை நூல் ஏத்து." எங்கள் இருவர் காதுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே குமிழைத் திருப்பினோம். தலை அசைந்ததும் நிறுத்தினோம்.

பதினொன்றில் மூன்றை மட்டும் முடித்து, எம்பி3 கோப்பாக்கி மாணவர்களுக்குக் கொடுத்தோம். மற்றவை திட்டக்கோப்பிலேயே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பிறகு என்ற சொல்லுக்கு அன்று எல்லை தெரியவில்லை. 2016இல் ஐயா மறைந்தார்.

2020இல் வகுப்புகள் இணையத்துக்குப் போயின. யாப்பு நடத்தும்போது ஐயாவின் குரலை அனுப்பலாமே என்று அப்போதுதான் நினைவு வந்தது. புதிய கணினி, அதே மென்பொருளின் புதிய பதிப்பு. திட்டக்கோப்பைத் திறந்தோம். மூன்று செருகுநிரல்களையும் காணவில்லை என்று ஒரு சிறு கட்டம் வந்து நின்றது. பழைய வட்டிலிருந்து அவற்றின் கோப்புகளை எடுத்துவந்து உரிய அடைவில் வைத்தோம். இப்போது மென்பொருளே அவற்றைச் சோதிக்கும் கட்டத்தில் உறைந்துபோயிற்று. எது குற்றவாளி என்று அறிய, இயற்பியல் நண்பர் அடைவிலிருந்த அறுபது சொச்சம் செருகுநிரல்களைப் பாதிபாதியாக வெளியே எடுத்துவைத்துத் திறந்து திறந்து பார்த்தார். ஆறாவது முறையில் தம்பூரா பிடிபட்டது.

காரணங்கள் இரண்டு. முதலாவது, 32 பிட். 2009இல் எங்கள் கணினியிலிருந்த அனைத்தும் 32 பிட் நிரல்கள். அந்த வகை நிரலால் 4 ஜி.பி. நினைவகத்துக்கு மேல் எண்ணவே இயலாது. விண்டோசில் வழக்கமாக அதில் பாதிதான் அதற்குக் கிட்டும். ஆயிரக்கணக்கான ஒலித்துணுக்குகளைச் சுமக்கும் கருவிகள் வந்தபோது அது போதவில்லை. உலகம் 64 பிட்டுக்கு மாறியது. 64 பிட் நிரல் ஒன்று 32 பிட் செருகுநிரலை நேரடியாகத் தன்னுள் ஏற்றிக்கொள்ள முடியாது. ஆப்பிள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கேட்டலினா இயங்குதளத்தில் 32 பிட் நிரல்களை அடியோடு நிறுத்தியது. விண்டோஸ் அவ்வளவு கடுமை காட்டவில்லை என்றாலும், செருகுநிரலுக்கும் தாய்நிரலுக்கும் இடையே பாலம் ஒன்று போட வேண்டும். ஜேபிரிட்ஜ் போன்ற பால நிரல்கள் உண்டு. போட்டுப் பார்த்தோம். முழக்கம் கடந்து வந்தது. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பிக்க வேண்டிய வழங்கி நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பூரா பாலத்தில் கால்வைத்ததும் விழுந்தது. அது விழும்போது பலமுறை தாய்நிரலையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. பொதுவாகச் செருகுநிரலுக்குத் தனி வீடு கிடையாது. தாய்நிரலின் நினைவகத்துக்குள்ளேயே குடியிருக்கிறது, கூடாத இடத்தில் எழுதிவிட்டால் வீடே சரிகிறது. பிட்விக், ரீப்பர் போன்ற மென்பொருள்கள் செருகுநிரல்களைத் தனியறையில் வைத்து இயக்க வழிசெய்திருப்பது இந்தப் பட்டறிவால்தான்.

இரண்டாவது காரணம் இலக்கணம் மாறியது. ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996இல் தன் கியூபேஸ் மென்பொருளோடு வி.எஸ்.டி. என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இந்த இலக்கணப்படி எவரும் செருகுநிரல் எழுதலாம் என்று விதிகளை வெளியிட்டது. 1999இல் வந்த இரண்டாம் பதிப்பு, கருவிகளையும் செருகலாம் என்றாக்கியது. உலகெங்கும் தனிமனிதர்கள் எழுதிக் குவித்தார்கள். எங்கள் தம்பூராக்காரரும் அவர்களில் ஒருவர். 2008இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2018இல் இரண்டாம் பதிப்பின் விதிநூலைப் புதியவர்களுக்குத் தருவதை நிறுத்தினார்கள். 2022 ஜனவரியில், தங்கள் மென்பொருள்களிலிருந்தே இருபத்துநான்கு மாதங்களில் அதை விலக்கப்போவதாக அறிவித்தார்கள். பழையன கழிதலை நன்னூலார் வழுவன்று என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் பழைய நூல்களைப் படிக்கும் கண்ணைப் பிடுங்கச் சொல்லவில்லை. இதைவிடப் பழைய மிடி முறை 1983இல் வந்தது. அப்போதைய செய்திகளை இன்றைய கருவிகளும் புரிந்துகொள்கின்றன. 1991இல் வந்த வேவ் கோப்பும் அப்படியே. ஐயாவின் குரல் வேவ் கோப்பில் இருந்ததால்தான் குரலேனும் பத்திரமாக இருந்தது.

அப்படியானால் என்ன இழப்பு என்று நண்பர்கள் கேட்டார்கள். குரல் இருக்கிறது, முழக்கத்தையும் தம்பூராவையும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்களேன் என்றார்கள். நியாயமான கேள்விதான். திருப்பிய குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்ற செய்தி திட்டக்கோப்பில்தான் இருக்கிறது. பல செருகுநிரல்கள் தம் நிலையைத் தமக்கு மட்டுமே புரியும் ஒரு பொதியாகக் கட்டித் தாய்நிரலிடம் கொடுக்கின்றன. தாய்நிரல் அதைப் பிரிப்பதில்லை. பத்திரமாக வைத்திருந்து, அடுத்தமுறை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. அந்த இரண்டு பிற்பகல்களில் ஐயா கேட்ட கேட்பு அந்தப் பொதிக்குள் இருந்தது. குரல் அவர் சொன்னது. இது அவர் கேட்டது.

இந்த இதழ் போன்ற இடங்களில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தத் துன்பம் புதிதல்ல. ஒருங்குறிக்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகளைப் பின்னர் திறந்தபோது பொருளற்ற குறிகள் வரிசைகட்டி நின்றனவே, அதே கதை. ஆனால் அங்கே ஒரு மீட்சி இருந்தது. எந்தக் குறி எந்த எழுத்துக்கு என்ற அட்டவணை கிடைத்தால் போதும், மாற்றி எழுதிக்கொள்ளலாம். தகுதரத்திலும் பாமினியிலும் இருந்தவற்றை மாற்றித்தர நிரல்கள் வந்தன. செருகுநிரலின் பொதிக்கு அட்டவணை அதை ஆக்கியவரின் மேசையில் மட்டுமே இருக்கிறது. எங்கள் தம்பூராக்காரரின் தளம் மறைந்துபோயிருந்தது. அவரைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமையில்லை. நன்றிகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

மிச்சமிருந்த வழி, பழைய கணினி. துறையின் சாமான் அறையில் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. மின்வழங்கியை மாற்றினோம், உயிர் வந்தது. முழக்கச் செருகுநிரல் மறுபடியும் உரிமம் கேட்டது. என்ன இது, அதே கணினியாயிற்றே என்று அரைநாள் விழித்தோம். தாய்ப்பலகையில் நாணயம் போல ஒரு மின்கலம் இருக்கும், சி.ஆர். 2032 என்பார்கள். அது தீர்ந்துபோனதால் கணினி தன்னைப் பல ஆண்டுகள் பின்னே நிறுத்திக்கொண்டிருந்தது. வாங்கிய நாளுக்கு முன்பே பயன்படுத்துகிறார்களே என்று உரிமக் காவலுக்குச் சந்தேகம். புது மின்கலம் போட்டுத் தேதியைத் திருத்தியதும் வாயைத் திறந்தது.

திட்டக்கோப்பு திறந்தது. திண்ணை அப்படியே இருந்தது.

ஒவ்வொரு பதிவையும் செருகல்களோடு சேர்த்து வேவ் கோப்பாக எழுதி எடுத்தோம். இதை அன்றே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இல்லை. ஒரு பதிவு முடிந்ததும் மறுகணினிக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டோம். சொன்னவை ஏழும் வந்துவிட்டன. தம்பூரா இருந்த நான்கில் ஒன்று வந்தது. இரண்டாவதில் தம்பூரா விழுந்தது. மறுபடி திறந்தோம், அதே இடத்தில் விழுந்தது. அது விழுவதற்குள் திரையில் தெரியும் எண்களை ஒருவர் படிக்க மற்றவர் நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டோம். முழக்கத்தின் குமிழ்களுக்கு எண்கள் இருந்தன. தம்பூராவின் சுருதிக் குமிழுக்கு எண் இல்லை, சுற்றிலும் கோடுகள்தான். அதைக் கைபேசியில் படமெடுத்தோம். நான்காவது முறைக்குப் பிறகு அந்தக் கணினியின் வட்டு டக் டக் என்று சத்தம் போடத் தொடங்கியது. இன்று அது எழுவதில்லை.

ஒன்றரைக் கட்டை என்றால் 138.6 ஹெர்ட்ஸ். ஒரு நூல் இறக்கி அரை நூல் ஏற்றினால் எவ்வளவு என்று இயற்பியலில் விடையில்லை. நண்பர், ஐயா இழுத்து நிறுத்தும் இடங்களில் குரலின் அதிர்வெண்ணை அளந்தார். ஒரு பதிவில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் நின்றது. படத்தில் இருந்த கோட்டோடும் பொருந்தியது. மற்றொன்றை அப்படி இப்படிச் சரிசெய்தோம். வஞ்சிப்பா வகையில் அமைந்த கடைசிப் பதிவில் குரல் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகிறது. தொடக்கத்துக்கு ஏற்ப வைத்தால் முடிவு உறுத்துகிறது, முடிவுக்கு ஏற்ப வைத்தால் தொடக்கம். அவர் எதைக் கேட்டுத் தலையசைத்தார் என்று எங்களுக்கு நினைவில்லை. தம்பூரா இல்லாமலே விட்டுவிட்டோம். விசிறி இரைச்சலையும் நீக்கவில்லை.

அதை மாணவர்களுக்கு அனுப்புவதற்கு முன் மூலக்கோப்பை முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஓரங்களை நாங்கள் வெட்டியது திட்டக்கோப்பில்தான். மூலத்தில் எதுவும் குறையாமல் இருக்கிறது. பாடல் முடிந்து சற்று நேரம் விசிறி மட்டும் சுழல்கிறது. பிறகு ஐயா, "போதுமா, இன்னொரு தரம் சொல்லட்டுமா?" என்கிறார். அடுத்து எங்கள் குரல், இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், "போதும் ஐயா" என்கிறது.