சோட்டாநாக்பூர் வழியே – 4: நாற்பது ஆண்டு வண்டிக்கூலி

தன்பாத்தில் புறப்படும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ், பொகாரோ, ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர் என்று சுரங்க நாட்டைக் கடந்து, விசாகப்பட்டினம், சென்னை வழியாகச் சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வந்து, பிறகு கேரளத்துக்குள் நுழைகிறது. நிலக்கரி மண்ணில் ஏறுகிறவர்கள், நிலக்கரியே கிடைக்காத ஊர்களில் வேலைக்கு இறங்குகிறார்கள். 2020 ஊரடங்கின்போது புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக நாட்டிலேயே முதலில் ஓடிய சிறப்பு ரயிலும் ஜார்க்கண்டுக்கு வந்ததுதான்: மே 1 அன்று தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ராஞ்சியை அடுத்த ஹட்டியாவுக்கு. ஜம்ஷெட்பூரிலும் சாய்பாசாவிலும் இந்தத் தொடர் தொட்டும் தொடாமலும் விட்ட கேள்வியைத் தன்பாத்தில் தள்ளிப்போட முடியாது. காலடியில் இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஏன் பிழைப்பு தேட வேண்டியிருக்கிறது? நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் பீகாரில் 51.91 விழுக்காட்டினர் ஏழைகள், ஜார்க்கண்டில் 42.16, தமிழ்நாட்டில் 4.89. 2023இல் வந்த அடுத்த அறிக்கையில் ஜார்க்கண்ட் 28.81க்கு இறங்கியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அதே அறிக்கையில் தமிழ்நாடு 2.20இல் நின்றது.

தன்பாத்தை ஒட்டிய ஜரியாவின் நிலக்கரிப் படுகையில் தீ பிடித்திருப்பது 1916இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்னும் அணையவில்லை. நிலம் பிளந்த இடங்களில் புகை கசிகிறது, கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கிறது, வீட்டுச் சுவர்களில் தரையிலிருந்து மேல்நோக்கி விரிசல் ஓடுகிறது. இங்கே வாழ்கிறவர்களைப் பெல்கரியா என்ற குடியிருப்புக்கு மாற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. வேலையும் பள்ளியும் சந்தையும் ஜரியாவில் இருக்கும்போது வீடு மட்டும் வேறிடத்தில் கிடைத்து என்ன பயன் என்று பலர் போக மறுக்கிறார்கள். நெடுஞ்சாலைக்கு வந்தால் நிலக்கரி சைக்கிள்கள். நடுச்சட்டத்துக்குள் ஒரு மூட்டை, பின்சக்கரத்தின் இருபுறமும் மூட்டைகள், கேரியர் மேல் இன்னொன்று. எல்லாம் சேர்ந்து இருநூறு கிலோ வரை வரும். ஏறி மிதிக்க இடமே கிடையாது. மேட்டில் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தோளால் முட்டித் தள்ள, சில இடங்களில் இன்னொருவர் முன்னால் கயிறு கட்டி இழுக்கிறார். சட்டத்தின் கண்ணில் இது திருட்டு நிலக்கரி. அவர்கள் பக்கத்திலேயே, தண்டவாளத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட வேகன்களில் அதே நிலக்கரி மின்நிலையங்களுக்குப் போகிறது.

இந்த வறுமைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சாதி, நிலவுடைமை, ஊழல், எழுத்தறிவின்மை. எல்லாம் உண்மையே. அவற்றோடு சேர்த்துச் சொல்லாமல் விடப்படும் ஒன்று இருக்கிறது. 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம்வரை மத்திய அரசு கடைப்பிடித்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை. நாட்டின் எந்த ரயில் நிலையத்தில் வாங்கினாலும் எஃகு ஒரே விலை என்பது அதன் சாரம். தூரத்துக்கான வண்டிக்கூலியை அரசு தன் பையிலிருந்து கொடுத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எஃகைப் பொறுத்தவரை நடந்தது வேறு. நாடு முழுமைக்குமான சராசரி வண்டிக்கூலி விலையிலேயே சேர்க்கப்பட்டு, ஒரு பொது நிதியில் சேர்ந்தது. ஆலைக்குப் பக்கத்தில் இருந்தவர் உண்மையான கூலியைவிட அதிகம் கட்டினார். தொலைவில் இருந்தவர் குறைவாகக் கட்டினார். டாடா ஆலையின் மதிலுக்கு வெளியே பட்டறை போட்டவர், சென்னையிலும் பம்பாயிலும் லூதியானாவிலும் எஃகு வாங்கியவரின் வண்டிக்கூலியில் ஒரு பங்கைக் கட்டினார். பருத்திக்கு இப்படி ஒரு சமன்விலை வைக்கப்படவில்லை. பம்பாய், அகமதாபாத் ஆலைகளுக்கு அருகில் விளைந்த பஞ்சு, கிழக்கே போகும்போது கூலியையும் சுமந்துகொண்டுதான் போனது.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் தொழில் ஒரே மூலையில் குவியக்கூடாது, தாது கிடைக்காத மாநிலமும் இயந்திரம் செய்ய வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் நினைத்தார்கள். அதனால்தான் கிழக்கில் பொதுத்துறை ஆலைகளை நிறுவினார்களே என்றும் கேட்கலாம். 1952இல் சிந்திரி உர ஆலை, 1958இல் ராஞ்சியின் கனரகப் பொறியியல் கழகம், பிறகு சோவியத் உதவியோடு பொகாரோ. இவையெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனால் தகடு உருட்டும் ஆலையைவிட, அந்தத் தகட்டை வெட்டி, வளைத்து, பம்பாகவும் மிதிவண்டியாகவும் பூட்டாகவும் ஆக்கும் சிறு தொழில்களே ஊர்க்காரர்களுக்குப் பரவலாக வேலை கொடுக்கின்றன. அவை மூலப்பொருளுக்கு அருகில் பிறக்க வேண்டிய காரணத்தை ஒற்றை விலை அழித்துவிட்டது. ஜம்ஷெட்பூரை ஒட்டிய ஆதித்யபூர் தொழிற்பேட்டையைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான உதிரிபாகத் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அவற்றின் பெரிய ஆதரவு பக்கத்திலுள்ள டாடா மோட்டார்ஸ். எஃகு அருகில் இருந்ததைவிட, எஃகை வாங்கி வண்டி செய்யும் ஆலை அருகில் இருந்ததே அவற்றை வளர்த்தது. அப்படி ஓர் ஆலை இல்லாத சாய்பாசாவிலும் தன்பாத்திலும் ஆதித்யபூர் முளைக்கவில்லை.

இந்தக் கொள்கை நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இன்னமும் அதையே சொல்லலாமா என்ற மறுப்புக்கு வலு அதிகம். ஜான் ஃபிர்த், எர்னஸ்ட் லியூ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். இரும்பையும் எஃகையும் நம்பிய தொழில்கள் மெல்ல மெல்லக் கிழக்கைவிட்டு விலகின. கொள்கை நீங்கியதும் அந்த விளைவு எதிர்த்திசையில் திரும்பத் தொடங்கியது. கிழக்கின் காயம் நிரந்தரம் என்ற பரவலான நம்பிக்கையை அவர்களின் முடிவு ஆதரிக்கவில்லை. இதை நான் ஏற்கிறேன். ஆனால் தொழில் வராத நாற்பது ஆண்டுகளில் ஒரு மாநிலம் வசூலிக்காத வரியும், கட்டாத பள்ளியும், பழகாத கைகளும் சமன்விலை நீங்கியதும் தாமே திரும்பி வந்துவிடாது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1960-61இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் மேற்கு வங்கத்தின் பங்கு 10.5 விழுக்காடு, 2023-24இல் 5.6. அந்தச் சரிவுக்கு அம்மாநில அரசியலும் தொழில் உறவுகளும் காரணம் என்பதை மறுக்க முடியாது. பீகாரும் தன் பங்குக்குக் கெடுத்துக்கொண்டது. கால்நடைத் தீவன ஊழல் 1996இல் வெடித்தது, அப்போது பீகாருக்குள் இருந்த, இந்தத் தொடரில் பார்த்த சாய்பாசாவின் கருவூலத்தில்தான். தமிழ்நாடு மலிவான எஃகால் மட்டும் முன்னேறவில்லை. பள்ளியும் மதிய உணவும் சுகாதார நிலையமும் இல்லாமல் எந்த எஃகும் இங்கே பம்பாகியிருக்காது. எனினும் பந்தயத்தில் ஓடியவர்களில் ஒருவருக்கு வண்டிக்கூலி கிடைத்தது, இன்னொருவர் அதைக் கொடுத்தார் என்ற கணக்கு இதனால் மாறாது.

கொடுத்ததை ஈடுகட்டும் வழி கனிமத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதை அடைத்த தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில் பிறந்தது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தின் சுண்ணாம்புக்கல்லுக்கான உரிமைத்தொகை (ராயல்டி) மீது தமிழ்நாடு விதித்த மேல்வரியை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் தொடுத்த வழக்கில், உரிமைத்தொகையே ஒரு வரிதான், அதன்மீது மாநிலம் மேல்வரி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. பீகாரும் ஒடிசாவும் போட்டிருந்த மேல்வரிகளும் அதைப் பின்பற்றியே விழுந்தன. அதன் பிறகு உரிமைத்தொகை எவ்வளவு என்பதை டெல்லி வைத்ததே சட்டம். 2015இல் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் வந்தன: பழைய குத்தகைக்காரர்கள் உரிமைத்தொகையில் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காடும் அந்தந்த மாவட்டத்துக்குக் கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சுரங்கத்தால் நிலம் இழந்த கிராமத்தின் கிராமசபை கேட்டதைச் செய்வதைவிட, மாவட்டத் தலைநகரில் கட்டடம் எழுப்புவது அதிகாரிகளுக்கு எளிது. பணம் கிராமசபையின் தீர்மானத்தோடு கட்டப்பட்டால்தான் ஜரியா போன்ற ஊர்களுக்கு அது போய்ச் சேரும். 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் 1989 தீர்ப்பை மாற்றி, உரிமைத்தொகை வரியாகாது, கனிம உரிமை மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. பின்னர் 2005 ஏப்ரல் முதலான நிலுவையைப் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் வசூலிக்கவும் வழி திறந்தது.

தமிழ் வாசகர்களோடு பேச வேண்டிய இடம் இது. பதினைந்தாவது நிதிக்குழுவின் மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு, பீகாரின் பங்கு 10.058. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் தண்டிக்கப்படக்கூடாது என்ற நம் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 'நம் பணத்தில் அவர்கள் வாழ்கிறார்கள்' என்று மேடையிலும் தேநீர்க் கடையிலும் சொல்லப்படும் வாக்கியத்தை நான் ஏற்கவில்லை. நம் தொழில்களுக்கு எஃகு வந்த வண்டிக்கூலியில் ஒரு பங்கு அவர்கள் கொடுத்தது. பங்கைக் கேளுங்கள், உரத்தே கேளுங்கள். கேட்கும்போது இந்தப் பழைய வரவையும் கணக்கில் எழுதுங்கள். கனிமத்துக்கு வரி கேட்பதில் தமிழ்நாடும் ஜார்க்கண்டும் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன. 2024 தீர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டில் ஜார்க்கண்ட் கனிமம் உள்ள நிலத்துக்கு மேல்வரிச் சட்டம் கொண்டுவந்தது; தமிழ்நாடும் அதே ஆண்டில் கனிமம் உள்ள நிலத்துக்கு வரிச் சட்டம் நிறைவேற்றியது.

(அடுத்த பகுதி: சிந்திரி)